அசையாத ஏழாம் கோடு

சுரங்கத்துக்குள் முதலில் போனவர் மெக்கானிக். ஏழாம் நம்பர் கேவிட்டியின் முன்னால் டார்ச்சோடு குனிந்தவர், நிமிராமலேயே போனை எடுத்தார்.

"சார், மோட்டார் கம்பி கோட்டைத் தாண்டி உள்ள போயிருக்கு. ஒரு அரிசி நீளத்துக்குப் போயிருக்கு. ஏழு அவ்ளோதான்."

மறுமுனையில் இயக்குநர் ஏதோ கேட்டார்.

"நிமிர்த்தவா? எந்தக் கொம்பனாலும் முடியாது சார். இன்னொண்ணு. லிமிட் சுவிட்சுக்குக் குறுக்கால யாரோ ஒரு துண்டு ஒயரை மாட்டி வெச்சிருக்காங்க. இது தானா நடந்தது இல்ல."

அந்த ஆய்வுக்கூடத்தின் சுரங்கத்தில் எட்டு கேவிட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நியோபியம் என்ற உலோகத்தில் செய்த குழல், மணிமணியாகப் புடைத்திருக்கும். உறையவைக்கும் குளிரில் அதை வைத்து, உள்ளே ரேடியோ அலையைச் செலுத்துவார்கள். அலை சுருதி பிசகாமல் நின்றால் அதில் ஏறி அணுத்துகள்கள் வேகம் பிடிக்கும். பிசகினால் ஒன்றும் நடக்காது, மின்சாரக் கட்டணத்தைத் தவிர. சுருதி சேர்ப்பதற்காக ஒரு மோட்டார், கம்பியால் குழலின் முதுகை மயிரிழை மயிரிழையாக அமுக்கும். அளவு மீறாமல் தடுக்கத்தான் அந்த லிமிட் சுவிட்ச். அதன் வாயை ஒரு துண்டு ஒயரால் யாரோ அடைத்திருந்தார்கள். மோட்டாரும் கேட்க ஆளில்லாமல் அமுக்கித் தள்ளிவிட்டது.

புதிதாக ஒரு ஏழாம் நம்பர் செய்ய இரண்டு வருஷமாகும். இயக்குநர் அரைமணி நேரம் அறைக்குள் நடந்தார். பிறகு போலீசுக்குப் போன் செய்தார்.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். துருவித் துருவிக் கேட்பதால் ஸ்டேஷனில் அவருக்குத் துருவி என்றே பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. கேவிட்டி என்ற சொல்லை அவர் அதுவரை பல் டாக்டரிடம் மட்டுமே கேட்டிருந்தார்.

"யார் மேல சந்தேகம் சார்?"

"சந்தேகமே இல்ல மேடம்." இயக்குநர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "இங்க ஒரு பொண்ணு இருக்கா. பொடிசுன்னு கூப்பிடுவாங்க. கேவிட்டி எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் எழுதி, அதை வெச்சு அதோட சுருதியைத் தானாப் பிடிக்கிற புரோகிராம் பண்ணினா. மூணு வருஷ வேலை. இன்னிக்குத்தான் முதல்முதல்ல ஏழாம் நம்பர்ல போட்டுப் பார்த்தோம். போட்ட நாலாவது நிமிஷம் மோட்டார் தறிகெட்டு ஓடிடுச்சு."

"சரி, புரோகிராம் தப்பு. அது குற்றமா?"

"ஒயர் இருக்கே! தன் புரோகிராமுக்கு இடைஞ்சலா இருக்கும்னு சுவிட்சைத் தூங்க வெச்சிருக்கா. நேத்து சாயங்காலம் ஏழாம் நம்பர் மோட்டார்கிட்ட போனது அவதான். அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடுது. திட்டத்தை மூடுறோம், அவளை வேலையிலிருந்து எடுக்கிறோம், புகார்ல கையெழுத்துப் போடுறோம். நீங்க கூட்டிட்டுப் போகலாம்."

"சோதனை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?"

"பத்தரை. நிகழ்ச்சி நிரல்லயே போட்டிருக்கே."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"நான் இல்லாம எப்படி?" என்றார் இயக்குநர், கொஞ்சம் வேகமாக.

சுவரில் கடிகாரம் இரண்டைத் தொட்டிருந்தது. மூன்று மணி நேரம். துருவி எழுந்தார்.

பொடிசை ஒரு சின்ன கூட்ட அறையில் உட்காரவைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்குத்தான் உருவம். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். முன்னால் இருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ஒயரை மாட்டினது நீங்களா?"

"இல்ல."

"நேத்து உள்ள போனீங்க."

"போனேன். மோட்டார் கொஞ்சம் திக்குது, சொன்ன இடத்துல நிக்க மாட்டேங்குது. கையை வெச்சுப் பார்த்தேன். அவ்வளவுதான். சுவிட்ச் மூடியத் தொறக்கக்கூட இல்ல."

"மோட்டார் திக்குதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்ல புலம்பினேன். அக்கா, அத்தான், எல்லார்கிட்டயும்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அத்தானும் இங்கதான் இருக்கார். ரேடியோ அலைப் பிரிவுக்குத் தலைவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆனப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. கணக்கு சொல்லிக்கொடுத்து, படிக்க வெச்சு, இந்த வேலைக்கு மனு போட வெச்சதும் அவர்தான். நான் அத்தான்னு கூப்பிடுறதைக் கேட்டு இப்ப இந்தக் கட்டடமே அவரை அத்தான்னுதான் கூப்பிடுது. இயக்குநர் உள்பட."

துருவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உங்க புரோகிராம் மோட்டாரை ஓட்டுச்சா இல்லியா?"

"ஓட்டுச்சு." அவள் மறைக்கவில்லை. "கேவிட்டி சுருதி விலகி விலகிப் போச்சு. புரோகிராம் அதைத் துரத்திப் பிடிக்கப் பார்த்துச்சு. அமுக்கு, இன்னும் அமுக்குன்னு கட்டளை போயிருக்கு, பதிவுல இருக்கு. ஆனா ஏன் விலகுச்சுன்னு எனக்குப் புரியல. எந்தக் கேவிட்டியும் அப்படி ஒரே திசையில ஓடாது மேடம். அது தடுமாறும், திரும்பும். இது கயிறு கட்டி இழுத்த மாதிரி போச்சு."

"மத்தபடி புரோகிராம் நல்லா வேலை செஞ்சுதா?"

அவள் முகம் ஒரு கணம் மாறியது. கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். திரையில் எட்டுக் கோடுகள். ஏழு கோடுகள் ரம்பப் பல்போல் ஒரே இடத்தில் மேலும் கீழும் துள்ளியிருந்தன. ஒன்று மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது.

"ஆபரேட்டரம்மா ஆறுதலுக்கு அனுப்பினாங்க. பக்கத்துக் கொட்டகையில கிரேன் ஒரு கான்கிரீட் கல்லைத் தொம்முனு இறக்கியிருக்கு. தரை அதிர்ந்தா எல்லாக் கேவிட்டியும் நடுங்கும். அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. பாருங்க, ஏழு மட்டும் அசையல. இதுக்காகத்தான் மூணு வருஷம் உழைச்சேன்."

"அதிர்வு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல. அந்த நாலு நிமிஷம் என் எண்களைத் தவிர எதையும் பார்க்கல. பூமியே பிளந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

வேலை போகப்போகிறது, போலீஸ் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் அந்தக் கோட்டை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பாவமாக இருந்தது. துருவி படத்தைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சுரங்கத்தின் தலைக்குமேல், அதே நீளத்துக்கு, கருவிக்கூடம். எட்டுக் கேவிட்டிக்கு எட்டு அலமாரிகள். சோதனை நடந்தபோது இங்கே இருந்தவர்கள் இரண்டே பேர்: அத்தான், அப்புறம் குளிரூட்டும் பிரிவின் பொறியாளர். அவரை எல்லாரும் ஐஸ் என்பார்கள். ஹீலியம் பம்புகளுக்கு நடுவில் வாழ்க்கை நடத்துகிறவர் என்பதால் காதில் எப்போதும் பெரிய காதுமூடி. பேச்சும் குறைவு.

அத்தான் ஐம்பதைத் தொட்டவர், நல்ல உயரம். ஒரே நாளில் பத்து வயது கூடியவர்போல் நின்றார்.

"அவ வேணும்னு செய்யல மேடம். நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். புரோகிராம்ல ஒரு பிழை. அனுபவம் பத்தாது, அவ்வளவுதான்."

"ஒயர்?"

"அது... எனக்குத் தெரியல."

"காலையில சுரங்கத்துக்குள்ள போனது யார்?"

"நான் சீக்கிரமே வந்துட்டேன். ஒரு சுத்துப் பார்த்தேன். அப்புறம் இவர் வந்தார், ரெண்டு பேருமா தேடல் நடை போனோம்."

தேடல் நடை என்பது அங்கே தினசரிச் சடங்கு. கதவைப் பூட்டுமுன் இரண்டு பேர் சுரங்கத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, உள்ளே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். வழியில் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினால்தான் பூட்டு விழும். பூட்டு விழுந்தபின் ஒரு எலிகூட உள்ளே போக முடியாது, கதவு திறந்தாலே இயந்திரம் தானாக அணைந்துவிடும்.

"மோட்டார் ஓடினப்போ இங்க என்ன நடந்துச்சு?"

"அதோ, அந்தப் பெட்டிதான் மோட்டாருக்கு மின்சாரம் தள்ளுறது." ஏழாம் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார் அத்தான். "திடீர்னு கிர்ர்ருன்னு கத்த ஆரம்பிச்சுது. நான் அந்தக் கோடியில இருந்தேன். அங்க வரைக்கும் கேட்டுச்சு. ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"நீங்க?" ஐஸ் பக்கம் திரும்பினார் துருவி.

ஐஸ் காதுமூடியை இறக்கினார். "நான் இங்கதான் நின்னேன். ஏழாம் அலமாரிகிட்ட."

"என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல."

அத்தான் வருத்தத்தோடு புன்னகைத்தார். "பம்புச் சத்தத்துல இருபது வருஷம். அவரைச் சொல்லிக் குத்தமில்ல மேடம்."

துருவி ஐஸிடம் தாழ்ந்த குரலில், "பொடிசோட புரோகிராம் வேணாம்னு நீங்க ரெண்டு தடவை இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தீங்களாமே?" என்றார்.

"கொடுத்தேன். இன்னும் அதான் சொல்றேன். மெஷினை ஒரு மாடலை நம்பி விடக்கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "உங்க போன் அடிக்குது," என்றார்.

போன் கைப்பையின் அடியில், சத்தம் நிறுத்தி, துணிக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. துருவிக்கே கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தார், வீட்டுக்காரர். துண்டித்தார்.

ஏழாம் அலமாரியின் பக்கத்தில் காலணிப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன்மேல் யாரோ வெள்ளை எழுத்தில் 'டூப்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"இது என்ன?"

ஐஸ்தான் சொன்னார். "பொய்க் கேவிட்டி. அந்தப் பொண்ணோட மாடல்தான் உள்ள இருக்கு. புதுசா எதைப் போடுறதா இருந்தாலும் முதல்ல இதுல போட்டுப் பார்ப்போம். சினிமாவுல ஹீரோவுக்குப் பதிலா குதிக்கிறவன் மாதிரி. கேபிளை மாத்திச் சொருகினா, கீழ கண்ட்ரோல் ரூம்ல பார்க்கிறவங்களுக்கு நெசக் கேவிட்டி மாதிரியே தெரியும்."

"மோட்டார் கட்டளையும் இதுக்குத்தான் வருமா?"

"எல்லாமே இதுக்குத்தான் வரும்."

"இன்னிக்கு இதைப் பயன்படுத்தினீங்களா?"

"போன வாரத்தோட சரி," என்றார் அத்தான்.

கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் வாய் ஓயாதவர். இயக்குநர் பக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"பத்தரையா? யாரு சொன்னா? நாங்க எல்லாம் பத்தரைக்குத் தயாரா உக்காந்திருந்தோம். சார் வரணுமே! பொடிசு வாசலுக்கும் இங்கயும் நடையா நடந்தா. கடைசியில அவளே போய் அவர் அறை வாசல்ல நின்னு கூட்டிட்டு வந்தா. பத்து நாப்பதுக்குத்தான் பொத்தானை அமுக்கினா. அதுக்கு முன்னாடி சார் ரெண்டு வார்த்தை பேசணும்னு வேற பேசினார்."

"கிரேன் கல்லை இறக்கினது?"

"அது ஆரம்பத்துலயே. சாரைக் காணோமேன்னு கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தேன், பத்து முப்பத்திரண்டு. தொம்முனு ஒரு அடி, என் காபியே குலுங்கிச்சு. திரையில எல்லாம் துள்ளுது, ஏழு மட்டும் கம்முனு நிக்குது. அடடா, பொடிசு சாமான் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன். உடனே படம் எடுத்து வெச்சேன். அதான் அப்புறமா அனுப்பினேன், பாவம், அழுதுட்டு இருந்தா."

துருவி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "பொத்தானை அமுக்கினது பத்து நாப்பது. அடி விழுந்தது அதுக்கு முன்னாடி."

"ஆமா. ஆனா அவ சாமானைக் காலையிலயே மாட்டியாச்சே?"

"மாட்டினா போதுமா, அமுக்க வேண்டாமா?"

ஆபரேட்டர் வாயைத் திறந்தார். அன்று முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார் துருவி. அந்தப் பெண்மணிக்கு அதைவிடக் கடினமான வேலை கொடுத்திருக்க முடியாது.

மறுபடி கூட்ட அறை. பொடிசு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. டூப்புக்குள்ள கேவிட்டியோட குணமெல்லாம் எழுதியிருக்கீங்க. இந்தத் தரையோட அதிர்வையும் எழுதியிருக்கீங்களா?"

"இல்லையே. கேவிட்டி மட்டும்தான். அதுக்குத் தரையே கிடையாது. அடுத்த வருஷம் சேர்க்கணும்னு..." அவள் நிறுத்தினாள். "எதுக்குக் கேக்குறீங்க?"

"அஞ்சு மணிக்குச் சொல்றேன்."

ஐந்து மணிக்குக் கமிட்டி, கூட்ட அறையில் கூடவில்லை. துருவியின் பிடிவாதத்தால் கண்ட்ரோல் ரூமில் கூடியது. இயக்குநர் கையில் புகார். பொடிசு சுவரோரம். அத்தானும் ஐஸும் வாசல் பக்கம். ஆபரேட்டர் முகம் வெடித்துவிடும்போல் சிவந்திருந்தது. சுரங்கத்தைத் திரும்பப் பூட்டி, ஏழைத் தவிர மற்ற கேவிட்டிகளுக்குக் கொஞ்சமாக ரேடியோ அலை கொடுத்திருந்தார்கள். திரையில் ஏழு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னும் எவ்வளவு நேரம் மேடம்?" என்றார் இயக்குநர்.

துருவி போனில் ஒரே வார்த்தை சொன்னார். "இறக்குங்க."

தொம்மென்று ஒரு அடி. தரை காலுக்கடியில் உதறியது. திரையில் கோடுகள் துள்ளின. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு.

மூன்றாம் கோடு அசையவில்லை.

துருவி திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"மூணாம் நம்பர்ல யாரோட புரோகிராம் ஓடுது?"

"யாரோடதும் ஓடல," என்றாள் பொடிசு. "அது பழைய கண்ட்ரோல்லதான் இருக்கு."

"அப்ப ஏன் அசையல?"

பொடிசு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அது மூணு இல்ல. டூப்பை மாட்டியிருக்கீங்க."

"உங்க மெக்கானிக் மாட்டினார், அரைமணி முன்னாடி. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்." துருவி தன் கைபேசியை இயக்குநர் முன்னால் வைத்தார். எட்டுக் கோடு, அசையாத ஏழு. "இது காலையில பத்து முப்பத்திரண்டுக்கு எடுத்தது. சோதனைப் பொத்தானை அமுக்கினது பத்து நாப்பதுக்கு."

"பத்தரைக்கு..." என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"நீங்க வந்ததே பத்து முப்பத்தெட்டு சார்," என்றார் ஆபரேட்டர். இவ்வளவு நேரம் அடக்கிவைத்தது பீறிட்டு வந்தது.

இயக்குநர் புகாரைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார்.

"எல்லாரும் அந்தக் கோடு அசையாம நின்னதைப் பார்த்தீங்க," என்றார் துருவி. "பார்த்துச் சந்தோஷப்பட்டீங்க. அசையாம நிக்கணும்னுதான் நீங்க எல்லாருமே ராப்பகலா வேலை செய்யறீங்க. அதனால, நின்னா நல்லதுன்னு நெனச்சீங்க. யார் நிறுத்தினதுன்னு கேக்கல. வெளியாள் எனக்கு அந்த ஆசை இல்ல, கேட்டேன். பொடிசு, நீங்கதான் சொல்லணும். இந்தக் கோடு உங்களோடதா?"

அவள் படத்தைப் பார்த்தாள். அன்று அவளிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல விஷயம் அதுதான். அது போனால் மூன்று வருஷத்தில் காட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அது மட்டுமில்லை. கேபிளை மாற்றக்கூடியவர்கள் கருவிக்கூடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும். அவள் வாசல் பக்கம் பார்க்கவே இல்லை.

"இல்ல," என்றாள். "என்னோடது இல்ல."

"அப்படின்னா சோதனைக்கு முன்னாடியே ஏழாம் நம்பர் இடத்துல டூப் இருந்திருக்கு. எதுக்கு? நெச ஏழு ஏற்கனவே நசுங்கிப் போயிருந்துச்சு. காலையில, சுரங்கம் பூட்டுறதுக்கு முன்னாடி, யாரோ உள்ள நின்னு, கையால மோட்டாரை இயக்குற சின்னப் பெட்டியைச் சொருகி ஓட்டியிருக்காங்க. அதுக்குப் பதிவு கிடையாது. சுவிட்ச் இடைஞ்சலா இருந்ததால ஒயர். அளவு தப்பிப் போச்சு. அப்புறம் மேல வந்து கேபிளை மாத்திட்டாங்க. இவங்க பொத்தானை அமுக்கினதும் டூப்போட சுருதியைக் கம்ப்யூட்டர் வழியா எட்ட இருந்தே மெல்ல மெல்ல விலக்கினாங்க. புரோகிராம் பாவம், கயிறு போற பக்கமெல்லாம் ஓடுச்சு. எச்சரிக்கை மணி அடிச்சு ஆள் அங்கயும் இங்கயும் ஓடின களேபரத்துல கேபிள் பழையபடி நெச ஏழுக்கே போயிடுச்சு. பொடிசு அந்த நேரம் முழுக்க இங்க, உங்க எல்லார் கண் முன்னாடி இருந்தாங்க. அங்க இருந்தது ரெண்டு பேர்."

ஐஸ் காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர், மோட்டார் பெட்டி கத்தினதைக் கூடத்தோட அந்தக் கோடியில இருந்து கேட்டேன்னு சொன்னார். இன்னொருத்தர் பக்கத்துல நின்னும் ஒண்ணும் கேக்கலன்னார். காது மந்தம்னு நம்பிட்டுப் போயிருப்பேன். ஆனா என் பைக்குள்ள சத்தமில்லாம நடுங்கின போனை, நானே கவனிக்காததை, அவர்தான் சொன்னார். அவருக்குக் காது நல்லாவே கேக்குது. பெட்டிதான் கத்தல. கட்டளை எல்லாம் டூப்புக்குப் போயிட்டு இருந்துச்சு. மோட்டார் ஒரு இம்மிகூட ஓடல. ஓடாத மோட்டாரோட சத்தத்தைக் கேட்டவர் ஒருத்தர்தான்." துருவி திரும்பினார். "அத்தான்னு எல்லாரும் கூப்பிடுறாங்க. நானும் அப்படியே கூப்பிடறேன். சொல்லுங்க."

அத்தான் சுவரில் சாய்ந்தார். மறுக்கவில்லை. மறுப்பார் என்று எதிர்பார்த்து மூச்சைப் பிடித்திருந்த இயக்குநர்தான் பெருமூச்சு விட்டார்.

"நேத்து சாப்பிடும்போது இவதான் சொன்னா, மோட்டார் திக்குதுன்னு," என்றார். "சாதம் இறங்கல இவளுக்கு. நான் சரி பண்ணி வெச்சிடலாம்னு சீக்கிரம் வந்தேன். இவ வந்து பார்க்கும்போது மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடணும். சுவிட்ச் அளவு வர்றதுக்கு முன்னாடியே விழுந்துட்டு இருந்துச்சு, அதைக் கட்டிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன். கை ஒரு நொடி தாமதமாச்சு. கம்பி போயிடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் போன் எடுத்தேன். அடுத்த மாசம் துணை இயக்குநர் பொறுப்பு எனக்கு வர்றதா இருக்கு. சுவிட்சைக் கட்டிட்டு மோட்டாரை ஓட்டினான்னு தெரிஞ்சா, பொறுப்பு கிடக்கட்டும், வாசல்லகூட நிக்க விட மாட்டாங்க. அதுக்குள்ள இவர் தேடல் நடைக்கு வந்துட்டார். ஒயரை எடுக்க முடியல. அதை மட்டும் எடுத்திருந்தா, புரோகிராம்ல பிழைன்னு ஒரு வரியில முடிஞ்சிருக்கும். போலீசே வந்திருக்காது."

அவர் பொடிசின் பக்கம் இரண்டடி வைத்தார். துருவி தடுக்கவில்லை.

"உன் மேல வரும்னு நான் நெனைக்கலடா. சத்தியமா. புரோகிராம் மேலதான் போகும்னு நெனச்சேன். ஆள் மேல வராது. திருத்திட்டு மறுபடி போட்டுக்கலாம், உனக்கு வயசு இருக்கு..."

பொடிசு நிமிர்ந்தாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் முகம் முழுக்க வந்தது.

"புரோகிராம் வேற, நான் வேறயா அத்தான்?"

அத்தான் முன்வைத்த அடியைப் பின்னால் எடுத்துவைத்தார்.

இயக்குநர் கையிலிருந்த புகாரை நான்காக மடித்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்தார். ஐஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் புரோகிராம் இன்னும் ஒரு கேவிட்டியிலயும் ஓடல," என்றார் பொதுவாக. "நல்லதா கெட்டதான்னு யாருக்கும் தெரியாது. நான் இப்பவும் வேணாம்னுதான் சொல்வேன். ஆனா ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் ஒன்றாக வந்ததை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. பொடிசு தலையை ஆட்டினாள், கேட்டதற்கு அடையாளமாக.

துருவி கதவைத் திறந்தார். அத்தான் முன்னால் நடந்தார். நடைவழியில் எதிரே வந்த பையன்கள் இருவர் வழக்கம்போல், "என்ன அத்தான், கிளம்பியாச்சா?" என்று கேட்டுவிட்டு, பின்னால் சீருடையைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்கள்.

கண்ட்ரோல் ரூமில் பொடிசின் கைபேசி அடித்தது. திரையில் அக்கா என்று வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"என்னடி, ரெண்டு பேரும் போன எடுக்க மாட்டேங்குறீங்க? உனக்கு ஒண்ணும் ஆகலையே? அத்தான் பார்த்துப்பார்டி, நீ பயப்படாதே. அவர்கிட்டக் குடு, நான் பேசறேன்."

"அக்கா," என்றாள் பொடிசு. "நீ மொதல்ல உக்காரு."